எங்கடை மருமகனின் நெஞ்சுப் படபடப்பு

இதை எழுத வேண்டும் என்று நினைப்பதும், பேனையை எடுப்பதும், பிறகு வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவதுமாகச் சில வருடங்கள் கழிந்துவிட்டன. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோயில் திருவிழாவுக்கு உபயகாரரின் பெயர்களை எழுதி ஒட்டியதுதான் எனக்குள்ள எழுத்து அனுபவம். அதிலும் ஒருமுறை ஒரு பெரியவரின் பெயரை விட்டுவிட்டேன். அவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் வேட்டியைச் சரிசெய்கிற சாட்டில் மறுபக்கம் திரும்பிவிடுவார்.

மனைவியும் விடவில்லை. "ஊர் ஒருமாதிரி மறந்திட்டுது. நீங்கள் ஏன் திரும்பக் கிண்டுறியள்? சம்பந்தி அக்கா வாசிச்சால் என்ன நினைப்பா?" என்று கேட்டார். அதுவும் நியாயம்தான்.

ஆனால் போன தைப்பூசத்தன்று கோயிலில் ஒரு தாயைக் கண்டேன். இருபது வயது மதிக்கத்தக்க மகனைக் கூட்டி வந்திருந்தார். மகனுக்குக் கொஞ்ச நாளாக நெஞ்சு படபடக்கிறதாம். கையில் மூன்று நிறத்தில் நூல் கட்டியிருந்தது. "டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?" என்று கேட்டேன். "இதுக்கேன் டொக்டர், இது ஆரோ செய்வினை செய்திருக்கினம்" என்றார் அந்தத் தாய். எனக்குச் சாமி கும்பிட மனம் ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நான் எழுதப் போறன்" என்றேன். "எழுதுங்கோ, ஆனால் என்னைக் கூடாத ஆளாய்க் காட்டாதேங்கோ" என்றார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யார் எப்படித் தெரிகிறார்களோ அது பிள்ளையாரின் பொறுப்பு.

நாங்கள் அளவெட்டி. வெங்காயமும் புகையிலையும்தான் எங்கள் தொழில். மகளைப் பண்டத்தரிப்பில் கட்டிக் கொடுத்தோம். கொடுத்தோம் என்று சொல்லுவதே தவிர, எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. அவரும் ஒரு பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் வந்து சேர்ந்தார். கந்தோரில் கிளாக்கர் வேலை. நல்ல குணம். குரலே வெளியில் வராது. எதைக் கேட்டாலும் "ஓம் மாமி", "ஓம் மாமா". சோறு இன்னும் கொஞ்சம் போடவா என்றால் ஓம். மழை வரும் போலக் கிடக்கு என்றால் ஓம். வராது போலவும் கிடக்கு என்றால் அதற்கும் ஓம்.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்பிள்ளை இல்லாத வீடு. புதுமாப்பிள்ளையைப் பலமாக வைத்திருக்க வேண்டும் என்று தொடங்கினார். எங்கள் பக்கத்தில் ஆளைத் தேற்றுவதற்கு ஒரே மருந்துதான், முட்டைக்கோப்பி. நாட்டுக்கோழி முட்டையை உடைத்து நுரை வர அடித்து, கொதிக்கக் கொதிக்கக் கோப்பியை அதற்குள் ஊற்றி, சீனி போட்டுக் கொடுப்பது. பெரியபிள்ளையானவளுக்கும் அதுதான், பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான், காய்ச்சல் மாறினவனுக்கும் அதுதான். புதுமாப்பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் காலமை எழும்பினவுடன் முட்டைக்கோப்பி.

வேலிக்கு அந்தப் பக்கம் என் அக்கா இருக்கிறார். கணவர் காலமான பிறகு தனிய. தம்பியின் மருமகன் தன் வீட்டில் ஒரு வாய் குடிக்காமல் கந்தோருக்குப் போவது அவருக்குப் பொறுக்காது. வேலியில் ஆள் நுழையிற பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, "மோனை, பெரியம்மா ஊத்தி வைச்சிருக்கிறன், ஆறுது" என்பார். இவர் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போவார். பின்னேரம் வந்தால் நான் தோட்டத்துக்குக் கூட்டிப் போவேன். வரம்பில் இருந்து போத்தலில் கொண்டுபோன கோப்பியை நான் குடிக்கிறபோது மருமகனுக்கு ஊற்றாமல் குடிப்பதா? அவர் பதவி உயர்வுச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார், அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் ஒன்று போட்டுக் கொடுப்பாள். இவ்வளவையும் இப்போது ஒரே இடத்தில் எழுதும்போது எனக்கே விளங்குகிறது. அப்போது அவரவருக்குத் தங்கள் தங்கள் கோப்பி மட்டும்தான் கணக்கு.

அந்த வருடம் எங்கள் பிள்ளையார் கோயிலுக்குக் கொடியேறியது. கொடியேறினால் வீட்டில் மீன் இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை, முட்டையும் இல்லை. மனைவிக்குப் பெரிய யோசனையாகிவிட்டது.

"முட்டை இல்லாமல் பிள்ளை இளைச்சுப் போவார்" என்றார்.

"பத்து நாள்தானே" என்றேன்.

"பத்து நாளிலை சம்பந்தி அக்கா வந்து பாத்தால்? நான் தூளைக் கூடப் போடுறன். முட்டை இல்லாத பலத்தைத் தூளிலை எடுக்கட்டும்."

அக்காவும் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து அதே முடிவுக்குத்தான் வந்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

சாமி வெளிவீதி வருகிற நாள் புதுமாப்பிள்ளையைச் சாமி காவுகிற முன்தடிக்கு விட்டார்கள். அது மரியாதை. மனைவி ஒன்று, அக்கா ஒன்று என்று இரண்டு கோப்பியோடுதான் அவர் கோயிலுக்கு வந்திருந்தார். வேறு ஆகாரம் இல்லை, சாமி இருப்புக்கு வந்தபிறகுதான் சாப்பாடு. தெற்கு வீதியில் சிரித்த முகமாகப் போனார். மேற்கு வீதியில் சிரிப்பைக் காணவில்லை. வடக்கு வீதி மூலையில் நாதசுரக்காரர் நின்று ஒரு பிடி பிடித்தார். தவிலும் ஏறிவிட்டது. எங்கள் ஊரில் நாதசுரக்காரர் நின்றுவிட்டால் சாமியும் நிற்கத்தான் வேண்டும். அப்போது இவர் என் பக்கம் தலையைச் சாய்த்து, "மாமா, தவிலைக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுவியளோ?" என்றார்.

"ஏன் தம்பி?"

"எது வெளியிலை அடிக்குது, எது உள்ளுக்கை அடிக்குது எண்டு தெரியேல்லை."

முகம் வெளுத்து, நெற்றியில் போட்ட திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் வடிந்துகொண்டிருந்தது. ஒருவன் ஓடிவந்து தடியை மாறினான். இவரைக் கொண்டுபோய்த் தண்ணீர்ப்பந்தலில் இருத்தினோம். கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். பொத்திப் பிடித்த கோழிக்குஞ்சு போலத் துடித்தது.

ஊர் கூடிவிட்டது. எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. பட்டினி என்றார் ஒருவர். வெயில் என்றார் இன்னொருவர். "போன் பாக்கிற பெடியளுக்கு இப்ப எல்லாம் உதுதான்" என்றார் போனைப் பார்த்துக்கொண்டே ஒருவர். வெற்றிலை போடுகிற ஒரு கிழவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாமி வீட்டுச் சாப்பாடு தோளுக்கு இறங்கேல்லை, வயித்திலேயே நிக்குது" என்றார். பெண்கள் பக்கத்தில் சிரித்தார்கள். மருமகனும் மரியாதைக்காகச் சேர்ந்து சிரித்தார். அவருக்குச் சிரிக்கவும் மூச்சுக் காணாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை நடந்தது. "கண்ணூறு" என்றார் மனைவி. செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி வரவில்லை, அதனால் கண்ணூறுதான் என்று உறுதியானது. அக்கா கண்ணின் கீழ் மடலை இழுத்துப் பார்த்து, "இரத்தம் காணாது" என்றார். நான் வாய்வு என்றேன். எனக்கு எது வந்தாலும் வாய்வுதான். மகள், "சோதினை யோசினையாய் இருக்கும்" என்றாள். "ஓமடி, நீ யோசினை குடுக்காட்டில் காணும்" என்றார் அக்கா. காரணம் நாலாக இருந்தாலும் பரிகாரம் ஒன்றாகத்தான் வந்தது. களைத்துப்போன பிள்ளை, கொடி இறங்கும் வரை முட்டை ஏலாது, ஒரு கோப்பியாவது குடிக்கட்டும்.

"குடியுங்கோ தம்பி."

"ஓம் மாமி."

அன்று பொழுதுபடமுன் படபடப்பு இன்னும் இரண்டு முறை வந்தது.

பிறகு வாரக்கணக்கில் இதுதான் கதை. சும்மா கதிரையில் இருப்பார், திடீரென்று கையை நெஞ்சில் வைப்பார். கேட்டால் "ஒண்டுமில்லை மாமா". சில நேரம் நெஞ்சு ஒரு அடியைத் தவறவிட்டுப் பிறகு இரண்டாய்ச் சேர்த்து அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று மகளுக்குச் சொன்னாராம். கொடி இறங்கியதும் முட்டை திரும்பி வந்தது. ஆனால் மனைவி தூளைக் குறைக்கவில்லை. வருத்தக்காரப் பிள்ளைக்குக் குறைக்கலாமா?

ஒருநாள் தோட்டத்தில் நான் ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளையாகக் கேட்டேன்.

"தம்பி, ஒளிக்காமல் சொல்லுங்கோ. இஞ்சை ஏதும் குறையோ? மகள் ஏதும் கடுமையாய்க் கதைக்கிறவளோ?"

"ஐயோ இல்லை மாமா."

"முந்தி எப்பவாவது இப்பிடி வந்ததோ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "இல்லை மாமா. இஞ்சை வந்தாப் பிறகுதான்."

நான் கோப்பிப் போத்தலைத் திறந்து ஊற்றி நீட்டினேன். அவர் கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஓம் மாமா" என்று வாங்கிக் குடித்தார். அந்தப் பார்வையை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அளவெட்டிக்கும் பண்டத்தரிப்புக்கும் இடையில் அதிக தூரம் இல்லை. கதைக்கு அது இன்னும் கிட்ட. சம்பந்தி அம்மா கணவரை இழந்து ஒற்றை மகனை வளர்த்தவர். அவர் போய் ஒரு சாத்திரியைக் கேட்டிருக்கிறார். சாத்திரி சோகியை உருட்டிப் பார்த்துவிட்டு, "உங்கடை பிள்ளைக்குப் பெண் வீட்டிலை வாய்வழியாய் ஒண்டு போயிருக்கு. ஒருக்கா இல்லை, நாளாந்தம் போகுது" என்று சொன்னாராம்.

வெளியூர்க்காரருக்கு இதன் பாரம் விளங்காமல் போகலாம். மருமகன் தாய் பக்கம் சாயாமல் தங்கள் பக்கமே நிற்க வேண்டும் என்று பெண் வீட்டார் சாப்பாட்டில் மருந்து போடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்தப் பேர் ஒரு வீட்டுக்கு வந்தால் அந்த வீட்டில் பிறகு ஒருவரும் கை நனைக்க மாட்டார்கள்.

சம்பந்தி அம்மா போன் எடுத்தார். குரல் தணிவாகத்தான் இருந்தது.

"அண்ணை, வெள்ளிக்கிழமை வாறன். தம்பியைக் கொஞ்ச நாளைக்கு வீட்டை கூட்டிக்கொண்டு போறன்."

"அதுக்கென்ன, வாங்கோ. மகளையும் ஆயத்தமாகச் சொல்லுறன்."

"பிள்ளை அங்கை நிக்கட்டும்."

போனை வைத்துவிட்டார். நான் அந்த இடத்திலேயே நின்றேன். கலியாணம் முடிந்து இன்னும் வருடப்பிறப்புக்கூட வரவில்லை. பெட்டியோடு திரும்பிப் போன மாப்பிள்ளைகளை எனக்குத் தெரியும். போனவர்களில் திரும்பி வந்தவர்களையும் எண்ணிப் பார்த்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

குசினிக்குள் மகள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். தேங்காய் முடிந்து சிரட்டையும் தேயத் தொடங்கிவிட்டது, அவள் நிறுத்தவில்லை. "அப்பா, கடையடியிலை கேட்டவை. உங்கடை அம்மா ஏதோ குடுத்தவவாம், உண்மையோ எண்டு." கொஞ்சம் பொறுத்து, "அவர் போனால் வருவாரோ?" என்றாள்.

மனைவி அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: "நான் என்ரை கையாலை அந்தப் பிள்ளைக்குப் பலத்தைத் தவிர வேறொண்டும் குடுக்கேல்லை."

நான் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். வேண்டுதல் ஒன்றும் பெரிதாக வரவில்லை. "பிள்ளையாரப்பா, நாங்கள் ஒண்டும் குடுக்கேல்லை எண்டு உனக்குத் தெரியும். அதை நீயே ஆரையாவது கொண்டு சொல்லு" என்று மட்டும் கேட்டேன். தோப்புக்கரணம் போட்டேன். திரும்பி வரும் வழியில்தான், இவ்வளவு நாளும் பிள்ளையாரிடமும் சாத்திரியிடமும் அக்காவிடமும் கேட்ட நாங்கள் ஒரு டொக்டரிடம் கேட்கவில்லை என்று உறைத்தது. டொக்டரிடம் போனால் மாப்பிள்ளைக்கு இருதய வருத்தம் என்று பேர் வந்துவிடும் என்று பயந்துதான் அவ்வளவு நாளும் இருந்தோம். இப்போது அதைவிடக் கூடாத பேர் வந்துவிட்டது, பிறகென்ன பயம்?

வெள்ளிக்கிழமை காலமை ஓட்டோ பிடித்து வாசலில் நிற்க, சம்பந்தி அம்மாவும் வந்து இறங்கினார். கையில் மகனின் உடுப்புக்கென்று ஒரு பெரிய வெறும் பை.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?"

"டொக்டரிட்டை அக்கா" என்றார் மனைவி.

"நல்லது. நானும் வாறன். டொக்டர் சொல்லுறதை நான் என்ரை காதாலை கேக்கவேணும்."

"அப்ப நானும் வாறன்" என்று பொட்டுக்குள்ளால் அக்கா வெளிக்கிட்டு வந்தார். சேலை கட்டியே நின்றிருக்கிறார்.

எத்தனை பேர் ஏறினோம் என்று எழுதினால் ஓட்டோக்காரப் பெடியனுக்குச் சோலி. நான் அவன் பக்கத்தில் அரைவாசி வெளியில் தொங்கிக்கொண்டு போனேன். பின்னால் சம்பந்தி அம்மாவும் மனைவியும் தொடையோடு தொடை முட்ட இருந்தும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வருத்தக்காரர் மகளின் மடியில் பாதியும் அக்காவின் மடியில் பாதியுமாக இருந்து, "எனக்கு இப்ப சுகம் போலக் கிடக்கு மாமா" என்றார். ஒருவரும் காதில் விழுத்தவில்லை.

டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை. முதலில் ஈசிஜி எடுக்க வைத்தார். பிறகு கூப்பிட்டார். எல்லோரும் உள்ளே போனோம்.

"வருத்தம் ஆருக்கு?"

அஞ்சு கை ஒரே நேரத்தில் மருமகனைக் காட்டியது.

"நித்திரை எப்பிடி?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார்.

"நல்ல நித்திரை" என்றார் மனைவி.

"இல்லை டொக்டர், முகட்டைப் பாத்துக்கொண்டு கிடப்பார்" என்றாள் மகள்.

"எங்கடை வீட்டிலை தலை சாய்ச்சால் நித்திரை" என்றார் சம்பந்தி அம்மா.

"சிகரெட், மதுபானம்?"

"என்ரை பிள்ளையோ?" என்று சம்பந்தி அம்மா கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "ஐயா, அம்மா, எல்லாரும் கொஞ்சம் வெளியிலை இருங்கோ. மனைவி மட்டும் நிக்கட்டும்."

வெளியில் நீட்டு வாங்கில் வரிசையாக இருந்தோம். நடுவில் ஒரு சீலைத் திரைதான். நாங்கள் ஒட்டுக்கேட்கவில்லை. ஆனால் காதைப் பொத்தவும் இல்லை.

காய்ச்சல் வந்ததா, மெலிந்தாரா, சளி தடிமலுக்கு ஏதும் மருந்து எடுக்கிறாரா, மயங்கி விழுந்தாரா, வீட்டில் வேறு யாருக்கும் இருதய வருத்தம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் "இல்லை டொக்டர்". அவர் இத்தனை முறை இல்லை என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல்.

"தேத்தண்ணி, கோப்பி குடிப்பீங்களோ?"

"கோப்பி குடிக்கிறனான்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

மெல்லச் சொன்னார்: "காலமை மாமி தருவா."

மனைவி நிமிர்ந்து இருந்தார்.

"பிறகு கந்தோருக்கு வெளிக்கிடேக்கை பெரியம்மா."

அக்கா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார்.

"வந்தவுடனை திரும்ப மாமி. பேந்து தோட்டத்திலை மாமா."

நான் சுவரில் இருந்த டெங்கு நுளம்பு விளக்கப் படத்தை வாசிக்கத் தொடங்கினேன்.

"தோட்டத்தாலை வர, வேலியடியிலை பெரியம்மா. இரவு இவ. நெஞ்சு படபடத்தால் தெம்புக்கு இன்னொண்டு."

டொக்டர் விரலை மடித்து எண்ணியிருக்க வேண்டும். ஒரு கை முடிந்து மற்றக் கைக்குப் போகிற அளவு நேரம் எடுத்தது. "வேறை ஆரும் மிச்சம் இருக்கினமோ?" என்றார்.

"இல்லை டொக்டர். கந்தோரிலை ஒருத்தரும் தாறேல்லை. அங்கை இருக்கேக்கைதான் கொஞ்சம் நெஞ்சு ஆறும்."

திரையை விலக்கிக்கொண்டு சம்பந்தி அம்மா உள்ளே போய்விட்டார். "டொக்டர், என்ரை பிள்ளை கோப்பி குடிக்கிறேல்லை. பால்குடி மறந்த நாளிலை இருந்து மல்லித்தண்ணிதான். வாசம் பிடிச்சாலே நித்திரை வராது அவனுக்கு."

அவருக்குப் பின்னால் நாங்களும் போய்விட்டோம். டொக்டர் இனி மறிக்கவில்லை. மருமகனைப் பார்த்து, "அப்ப வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார்.

மருமகன் தாயைப் பார்த்தார். "அம்மாதான் சொல்லிவிட்டவ. போற வீட்டிலை எது தந்தாலும் வேண்டாம் எண்டு சொல்லாதை, அவையின்ரை மனம் நோகும் எண்டு."

பக்கத்தில் நின்ற மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைக் கையால் பொத்தியிருந்தாள்.

டொக்டர் எங்கள் எல்லோரையும் இருக்கச் சொல்லி ஆறுதலாக விளங்கப்படுத்தினார். என் அறிவுக்கு எட்டினதை எழுதுகிறேன். இந்த வயதில் நெஞ்சு படபடப்பதற்குக் காரணங்கள் கனக்க. கடும் கோப்பி, தேயிலை, கடையில் விற்கிற உசார்ப் பானங்கள், சிகரெட், குடி. நித்திரைக் குறைவு, யோசனை, பயம். பட்டினி, தண்ணீர் காணாமை, காய்ச்சல். இரத்தச் சோகை, கழுத்தில் இருக்கிற தைரொயிட் சுரப்பி கூட வேலை செய்வது. தடிமலுக்கும் மூச்சு முட்டுக்கும் எடுக்கிற சில மருந்துகள். சிலருக்கு மட்டும் இருதயத்தின் அடிப்பிலேயே கோளாறு இருக்கும். அதைச் சும்மா பார்த்துச் சொல்ல ஏலாது, சோதித்துத்தான் சொல்ல வேண்டும். இவருடைய ஈசிஜி நல்லது. இரத்தமும் சோதிப்போம். கோப்பிதான் என்று நினைக்கிறேன், ஆனால் நினைப்பை நம்பி விடக்கூடாது. படபடப்போடு மயக்கம் வந்தாலோ, நெஞ்சு நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே கொண்டுவாங்கோ, வீட்டில் வைத்து ஒன்றும் ஊத்திக் குடுக்காதேங்கோ. இதைச் சொல்லும்போது மனைவியைத்தான் பார்த்தார். கோப்பியையும் ஒரேயடியாய் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறையுங்கோ என்றார். இந்தக் கடைசி வசனம் எங்களில் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

வெளியில் வந்து ஓட்டோவுக்கு நின்றோம். சம்பந்தி அம்மா வெறும் பையை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றார். அக்காவுக்குச் சும்மா நிற்கத் தெரியாது.

"அப்ப மருந்து போட்டது உண்மைதான்" என்றார்.

மனைவியின் முகம் செத்துப்போனது. முதலில் சிரித்தது சம்பந்தி அம்மாதான். சிரிப்பு என்றால் மெல்லிய சிரிப்பு இல்லை, மதிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். "சாத்திரி நாளாந்தம் போகுது எண்டான், பாத்தியளே" என்று மனைவியின் தோளில் தட்டினார். மனைவி அழத் தொடங்கினார். "அக்கா, நீங்கள் வந்து பாக்கேக்கை பிள்ளை இளைச்சிருக்கக்கூடாது எண்டுதான்" என்றார்.

"அது எனக்குத் தெரியும். இப்பதான் தெரியும், ஆனால் தெரியும்" என்றார் சம்பந்தி அம்மா. பிறகு மகன் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் முந்திச் சொன்னதை விடு. பிடிக்காட்டில் வேண்டாம் எண்டு சொல்லப் பழகு. இது உன்ரை வீடு."

"ஓம் அம்மா" என்றார் அவர்.

"பார், திரும்பவும்" என்றார் அக்கா.

அன்று சம்பந்தி அம்மா எங்கள் வீட்டில் வாழையிலையில் சாப்பிட்டார். வேலிக்கு வெளியில் போகிற ஆட்கள் காணத்தக்கதாக முன்கதவைத் திறந்து வைத்து, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைவிடப் பெரிய சாட்சி எங்களுக்கு வேறு வேண்டியதில்லை. பின்னேரப் பஸ்ஸில் அவர் தனியத்தான் போனார். பையை மனைவி வெறுமையாக விடவில்லை, வெங்காயமும் முருங்கைக்காயும் வைத்துத் தைத்தமாதிரி இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். மகள் தெருமுனை வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டு, மருமகனின் சைக்கிளில் பின்னால் இருந்துகொண்டு வந்தாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். மனைவி கோப்பித் தூள் பேணியைத் தூக்கி முகட்டுக்குப் போட்டுவிட்டார். அக்கா பொட்டை அடைத்தே விட்டார், பார்த்தால் மனம் இளகி ஊற்றிவிடுவேன் என்று. அடுத்த நாள் மருமகனுக்குத் தலை வெடிக்கிறது. மறுநாள் கொட்டாவி, எழும்பாமல் படுக்கை, தலையில் துவாயைச் சுற்றிக் கட்டியபடி. "இனி இது என்ன புதுச் சோதினை?" என்று மனைவி திருநீற்றுத் தட்டத்தோடு நிற்க, மகள் டொக்டருக்குப் போன் எடுத்தாள். ஒரேயடியாய் விட்டால் இப்படித்தான் இருக்கும், நான் சொன்னேனே, அரைக் கோப்பை லேசாய்க் குடுங்கோ என்றாராம். முகட்டில் ஏறிப் பேணியை எடுத்தது நான். ஓடு ஒன்றும் உடைந்தது.

இரத்தச் சோதனை எல்லாம் நன்றாகவே வந்தது. படபடப்பு மெல்ல மெல்லக் குறைந்து, பதவி உயர்வுச் சோதனையும் முடிய அறவே நின்றுவிட்டது. அடுத்த திருவிழாவில் முன்தடி பிடித்து நாலு வீதியும் வந்தார். பிள்ளையார் நான் கேட்டதைச் செய்தார். எங்கள் பக்கம் சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் உண்மையைச் சொல்லவைத்தார், அதுவும் மருமகனின் வாயால்.

ஒருநாள் மனைவி தோட்டத்துக்கே தேடி வந்தார். முகம் ஒருமாதிரி இருந்தது.

"என்னப்பா?" என்றேன்.

"பாவக்காய்க் கறி வைச்சன். வேண்டாம் மாமி, எனக்குக் கைக்கும் எண்டிட்டார்."

"கோபமோ உமக்கு?"

"கோபமில்லை. என்ன பிடிக்கும் எண்டு கேட்டன். இவ்வளவு நாளிலை இண்டைக்குத்தான் கேட்டனான்" என்றார்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். போன மாதம் சந்தையில் ஒருவர், நான் யார் என்று தெரியாமல் என்னிடமே இந்தக் கதையைச் சொன்னார். அதில் முட்டைக்கோப்பிக்குள் பிரண்டி இருந்தது. மாப்பிள்ளை சாரத்தோடு மதில் பாய்ந்து ஓடினார். டொக்டர் மாமியாருக்கு அடித்தார். நான் கத்தரிக்கன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு கோப்பை கோப்பி எங்கள் ஊரிலிருந்து பண்டத்தரிப்புக்குப் போவதற்குள் வசிய மருந்தாக மாறி, ஒரு பிள்ளையின் வாழ்க்கையை உலைக்கப் பார்த்ததை நாங்கள் கண்டவர்கள். அதனால் நெஞ்சு படபடக்கிற பிள்ளை இருக்கிற எந்த வீட்டுக்காவது இதைக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். டொக்டர் எங்களை வெளியில் இருக்கச் சொன்ன இடத்தையும், சோதிக்காமல் சொல்ல ஏலாது என்ற இடத்தையும் தயவுசெய்து விட்டுவிடாதேயுங்கள். மருந்து போட்டது உண்மைதான் என்று அக்கா சொன்னதை மட்டும் விடலாமா என்று மனைவி கேட்கிறார். அதையும் அப்படியே சொல்லுங்கள்.